பெண் பார்த்த குளியல்

நவம்பர் 3, டெனிஸ்லி

பெட்டி கட்டியாயிற்று. நாளை காலை பஸ்ஸில் புர்சா. ஷுக்ரான் அக்கா வீட்டில் ஒரு வாரம். இர்மாக் இஸ்தான்புல்லிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவாள்.

வருங்கால மருமகளோடு விடுமுறைக்குப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு நெவின் வாயைப் பிளந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியேவா? பெரிஹான், உனக்குத் துணிச்சல் ஜாஸ்திதான்" என்றாள். இதில் என்ன துணிச்சல்? என் மகன் கோர்கெம் சரக்குக் கப்பலில் எங்கேயோ கடல் நடுவில் இருக்கிறான். கல்யாணம் ஏப்ரலில்தான். அதுவரை அந்தப் பெண் எனக்கு விருந்தாளி மாதிரி இருக்க வேண்டுமா?

மோதிரம் மாற்றிய அன்றிலிருந்து என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் காது குளிர்கிறது. பெண் பிள்ளை இல்லாதவளுக்குத்தான் இது புரியும்.

நவம்பர் 5, புர்சா

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அக்கா கத்தரிக்காயில் கொத்துக்கறி அடைத்துச் செய்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு தேநீரோடு உட்கார்ந்ததும், "அந்த உன் மாமியார் கதையைச் சொல்லுடி, பொண்ணு கேக்கட்டும்" என்று கிளப்பிவிட்டாள்.

சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் என்னை ஹமாமுக்கு, ஊர்ப் பொம்பளைகள் சேர்ந்து குளிக்கும் வெந்நீர்க் கூடத்துக்கு, அழைத்துப்போய், சவுரியா சொந்த முடியா என்று பின்னலை இழுத்துப் பார்த்தது. பல் உறுதி தெரிய வேண்டும் என்று கொட்டையைக் கடிக்கச் சொன்னது. அக்குளை மோந்து பார்த்தது. "நல்லவேளை, பல்லைப் பிடிச்சுப் பாக்கலை. சந்தையில மாட்டுக்குக்கூட அதைத்தான் முதல்ல பாப்பாங்க" என்றேன். இர்மாக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நான் அந்த ஜாதி இல்லம்மா" என்று மார்தட்டிக்கொண்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அதான் எனக்குக் கெடச்ச அதிர்ஷ்டம்" என்றாள்.

நாளைக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தது. அக்கா மலைக்கு ரோப் காரில் போகலாம் என்றாள். எனக்கு முழங்கால் வலி. ஊருக்குள்ளேயே செகிர்கெயில் வெந்நீர் ஊற்று இருக்கும்போது குளிரில் மலை எதற்கு? ஹமாமுக்கே போகலாம் என்றேன். இர்மாக் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்களேன். எனக்கு அவ்வளவா பழக்கமில்ல" என்றாள்.

"எங்ககிட்ட என்ன வெக்கம்? நாங்களும் பொம்பளைங்கதானே" என்று நான்தான் வற்புறுத்தினேன். சரி என்றுவிட்டாள்.

நவம்பர் 6

இன்று எழுத முடியவில்லை. கை ஓடவில்லை.

நவம்பர் 7

எழுதிவிடுகிறேன். மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தால் நாளாக நாளாக நானே எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

உள்ளே ஆவி. நிறையப் பெண்கள். அக்காவும் நானும் சுவரோரத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். இர்மாக் முதலில் துணியை மார்போடு இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் சூட்டில் உடம்பு தளர்ந்து, கூச்சமும் போய், நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சை எங்களோடு சேர்ந்து தின்றாள். அங்கே அழுக்குத் தேய்த்துவிடும் பெண் வந்து கூப்பிட்டாள். இர்மாக் கூடத்தின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய சூட்டுக்கல்லில் போய் மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தேய்ப்பவள் துணியை இடுப்புக்குக் கீழே மடித்துவிட்டாள்.

நான் பார்த்தேன். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. தலையில் தொடங்கி, மார்பு, இடுப்பு, கால் என்று வரிசையாகப் பார்த்தேன். துவாலை மில்லில் வேலை பார்த்த காலமெல்லாம் துண்டுகளை விளக்கு மேஜையில் விரித்து இழை தப்பியிருக்கிறதா என்று பார்த்த கண். அடிவயிற்றில் குறுக்கே ஒரு தழும்பு. பழையது, வெளுத்துப்போனது. கண் அங்கே நின்றுவிட்டது.

கண்ணோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்காவின் காதோரம் குனிந்தேன். "அங்க பாரு. வயித்துல ஆபரேஷன் தழும்பு. புள்ளை எடுத்த மாதிரி இருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாத்தியா?"

ஹமாமின் குவிமாடத்துக்கு ஒரு குணம் உண்டு. சத்தமாகப் பேசினால் குழப்பி விழுங்கிவிடும். மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் பேசினால் எடுத்துக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் கொடுக்கும். சின்ன வயதில் அக்காவும் நானும் இதை வைத்தே விளையாடியிருக்கிறோம். எனக்கா தெரியாது? அந்த நேரம் பார்த்து ஒரு தொட்டியிலும் தண்ணீர் விழும் சத்தமில்லை. நான் சொன்னது மேலே போய், வளைந்து, அத்தனை பேர் காதிலும் சுத்தமாக இறங்கியது. 'புள்ளை எடுத்த மாதிரி.' என் குரல்தான். எனக்கே கேட்டது.

தேய்ப்பவளின் கை நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தடித்த பொம்பளை, முன்பின் தெரியாதவள், தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"என்னம்மா, பொண்ணு தேறிச்சா?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். இர்மாக் கண்ணைத் திறந்தாள். குவிமாடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, துணியை எடுத்துக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு, சோப்பு நுரையைக்கூடக் கழுவாமல் வெளியே போனாள்.

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன்.

வெளிக்கூடத்தில் தலைக்குத் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா சோடா வாங்கிக் கொடுத்தாள். குளித்துவிட்டு வருபவர்களிடம் எல்லோரும் சொல்வார்களே, 'உடம்புக்கு நல்லதாகட்டும்' என்று, அதை அக்காவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் தப்பா எதுவும் நெனைக்கலம்மா. பேரப்புள்ளை ஆசை, வேறொண்ணுமில்ல, அதான் வாய்தவறி…" என்று ஆரம்பித்தேன். அதைவிட மட்டமாக ஒரு மன்னிப்பு கேட்க யாராலும் முடியாது.

என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "என்னைப் பாக்கத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 8

போய்விட்டாள். எஸ்கிஷெஹிரில் அம்மா வீட்டுக்கு. பஸ் நிலையம் வரை நான் வருவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியைத் தூக்க மட்டும் விடவில்லை. பஸ்ஸில் ஏறும்போது, "வர்றேன், பெரிஹான் ஹனும்" என்றாள்.

ஹனும்! வங்கியில், ஆஸ்பத்திரியில், வரிசையில் நிற்கும் அறிமுகமில்லாத பொம்பளையைக் கூப்பிடுகிற மரியாதை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

அக்காவுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "எந்த மாமியார்டி பாக்கலை? எல்லாரும் பாப்பாங்க, வாயை மூடிட்டு இருப்பாங்க. உனக்கு வாய்தான் நீளம்" என்கிறாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது?

நவம்பர் 9

அதற்காகத்தான் கூட்டிப்போனேனா?

முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அவள் தயங்கியபோது ஏன் விடவில்லை? அக்காவும் நானும் போய்விட்டு வந்திருக்கலாமே. 'என்ன வெக்கம்' என்று கேட்டேனே, அப்போது மனதின் ஒரு மூலையில் ஒரு சின்ன ஆர்வம் இருந்ததா இல்லையா? இருந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அது கொஞ்சம் பொய்.

மாமியார் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பாவம் அந்த மனுஷி, கொட்டையைக் கையிலேயே கொடுத்துக் கடி என்றாள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, பிரியமாகப் பேசி, கண்ணை மூடிப் படுக்கவைத்துவிட்டுப் பார்த்தேன். யார் மோசம்?

நவம்பர் 13, டெனிஸ்லி

கோர்கெம் ஏதோ துறைமுகத்திலிருந்து பேசினான். அவள் சொல்லிவிட்டாள் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. "எப்படி இருக்கே அம்மா" என்று கேட்கவில்லை.

"அது என்ன தழும்புன்னு எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்ல மாட்டேன். அது அவ உடம்பு, அவ கதை" என்றான்.

"நான் கேக்கவே இல்லையேடா."

"கேக்கலை. ஊருக்கே சொன்னே."

கல்யாணம் நடக்குமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. "அவ யோசிக்கணும்னு சொல்றா. நீ எதுவும் பண்ணாதே. போன் பண்ணி அழாதே, பெரியம்மாவை அனுப்பாதே, அவங்க அம்மாகிட்ட பேசாதே" என்று ஒவ்வொன்றாகத் தடுத்தான். நான் என்னென்ன செய்யத் திட்டம் போட்டிருந்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

என் வாயால் என் பிள்ளையின் கல்யாணம் நின்றால்? அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

நவம்பர் 21

நெவின் வந்தாள். "மருமக எப்படி? ஒத்துப்போச்சா?" நல்லா இருக்கா, வேலை இருந்தது, சீக்கிரம் கிளம்பிவிட்டாள் என்றேன். அவள் போனபிறகு முகம் எரிந்தது.

நவம்பர் 24

கோர்கெம் சொன்னதை மீறி ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். முதலில் நீளமாக எழுதினேன். அதில் என் முழங்கால் இருந்தது, பேரப்பிள்ளை ஆசை இருந்தது, என் மாமியார்கூட இருந்தாள். எல்லாவற்றையும் அழித்தேன். மிஞ்சியது இதுதான்:

'இர்மாக், நான் உன்னைப் பார்த்தேன். பார்க்கத்தான் பார்த்தேன். பிறகு அதைப் பேசினேன். இரண்டுக்கும் வெட்கப்படுகிறேன். என்றைக்கும் எதுவும் கேட்க மாட்டேன். நீ கோர்கெமை என்னை வைத்து எடைபோடாதே.'

அனுப்பியபின், 'நீ பதில் போட வேண்டாம்' என்று சேர்த்திருக்கலாமோ என்று தோன்றியது. வேண்டாம். பதில் வேண்டும் எனக்கு.

டிசம்பர் 2

பதில் வந்தது. 'படித்தேன்.'

அவ்வளவுதான்.

டிசம்பர் 3

அந்த ஒரு சொல்லைத் திறந்து திறந்து பார்க்கிறேன். கோபமா, இரக்கமா? இதிலும் இழை தேட ஆரம்பித்துவிட்டேன். போனை எடுத்துப்போய்ச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 18

இர்மாக்கின் அம்மா சேஹெர் கூப்பிட்டார். ஏப்ரல் தேதிக்கு மண்டபம் உறுதியாகிவிட்டதாம், எங்கள் பக்கம் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண்ணிச் சொன்னேன். "உடம்பு சரியில்லையா?" என்றார். சளி என்றேன். அவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அந்தப் பேச்சு ஒரு பெரிய மனுஷியின் பேச்சு. தெரியாவிட்டால் மகள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். இரண்டுமே என்னைத் தலைகுனிய வைக்கின்றன.

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 10, எஸ்கிஷெஹிர்

ஹோட்டலில் இருக்கிறோம். கோர்கெம் கறுத்து இளைத்துப்போயிருக்கிறான். என்னோடு பேசுகிறான், சாப்பிடுகிறான், பழையபடி கிண்டல் மட்டும் செய்வதில்லை.

இன்று மணப்பெண் குளியல் சடங்கு. தோழிகள், சித்திகள், தப்பு அடிக்க ஒரு பாட்டுக்காரி என்று எல்லோரும் ஹமாமுக்குப் போயிருக்கிறார்கள். என்னை அழைக்கவில்லை. ஷுக்ரான் அக்கா கொதிக்கிறாள். "மாப்பிள்ளையோட அம்மா இல்லாம மணப்பெண் குளியலா? கேள்விப்பட்டதே இல்ல. இது நமக்கு அவமானம்டி!"

"அவமானம்தான். நம்ம அவமானம்தான். உக்காரு" என்றேன்.

வேறு எங்கேயும் போகப் பிடிக்கவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தோம். அக்கா கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. என்னை அழைத்திருந்தால்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்திருப்பேன்.

ஏப்ரல் 12

கல்யாணம் முடிந்தது. எல்லோரும் இன்னும் கீழே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இதை எழுதுகிறேன்.

பதிவாளர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மணப்பெண் அறைக்கு என்னை யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனேன். இர்மாக் கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வெள்ளை உடை பின்னால் கழுத்திலிருந்து இடுப்புவரை திறந்து கிடந்தது, முழுக்கச் சின்னச் சின்னக் கொக்கிகள். தோழி கார் பார்க்கப் போய்விட்டாளாம். சேஹெர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "எனக்கு விரல் நடுங்குது, ஒண்ணுகூட மாட்ட வரலை. நீங்க போட்டுவிடுங்க சம்பந்தி" என்றார்.

இர்மாக்கைப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து தலையசைத்தாள்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, தடவித் தடவி மாட்டினேன். என் விரல் தோலில் படாமல் இருக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே வந்தேன். கழுத்துவரை வந்துவிட்டேன் என்று நினைத்தபோது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன்.

சிரித்தாள்.

"பெரிஹான் ஹனும், எல்லாத்தையும் ஒண்ணு தள்ளி மாட்டியிருக்கீங்க. இப்படியே போனா கோணலா நிப்பேன்."

"அவிழ்த்துட்டு மறுபடி போட்டுடறேம்மா" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணைத் திறந்து போடுங்க" என்றாள். "நான்தான் சொல்றேன். பாத்துப் போடுங்க."

திறந்தேன். கொக்கிகளை மட்டும் பார்த்து, கீழேயிருந்து மறுபடி மாட்டிக்கொண்டு வந்தேன்.