லேபிள்ல இல்லாத வரி

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

தட்டாஞ்சாவடியில நானும் அண்ணனும் காய்கறி ஜூஸ் போட்டு பாட்டில்ல விக்கிறோம். சூடுபண்ணாத ஜூஸ்ல கிருமி இருக்கலாம், கர்ப்பிணிங்க குடிக்கக் கூடாதுன்னு லேபிள்ல போடச் சொன்னேன். "போட்டா எவன் வாங்குவான்?"னு அண்ணன் அந்த வரியை எடுத்துட்டாரு.

இன்னிக்கு ரெட்டியார்பாளையம் கடையில ஒரு நிறைமாசப் பொண்ணு எங்க பீட்ரூட் ஜூஸைப் பாதி குடிச்சிட்டு நின்னா. பாட்டிலைப் பிடுங்கிட்டேன்.

"ஏன்க்கா, கெட்டுப்போச்சா?"

"கெடலம்மா. ஆனா சூடுபண்ணாதது. ஜுரம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கும் போன் பண்ணு."

அவ முகமே வெளுத்துப்போச்சு.

கடையில இருந்த மிச்ச பாட்டிலையெல்லாம் தூக்கிட்டு வந்துட்டேன். "வியாபாரத்தையே கெடுத்துட்டியே!"ன்னு அண்ணன் கத்தினாரு.

போனைப் பக்கத்துலயே வெச்சிருக்கேன். அது அடிக்கக் கூடாது.