நல்ல தண்ணீர் குடித்த நெல்

20.6.1982, வேலணை

ஆய்வுகூடப் போத்தலுக்குள் வளர்த்த நெல் நாற்றுகளை எங்கள் முற்றத்துச் சாடிகளில் நட்டுவிட்டுப் போன விவசாய உத்தியோகத்தர் இன்று வந்தார். உப்பைத் தாங்குமா என்று பார்க்க உவர்க் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றச் சொல்லியிருந்தார். எல்லாம் கருகிவிட்டன. குசினி வாசலில் இருந்தது மட்டும் கதிர் தள்ளி நின்றது.

“உப்பை வென்ற நெல் அண்ணை இது!” என்று துள்ளினார்.

“அப்ப நான் நல்ல காணி தேடி வன்னிக்குப் போகேல்லை. இதின்ர விதையை எங்கட உவர் வயலிலையே போடுவன்,” என்றார் அப்பா.

அந்தச் சாடிக்கு அம்மா குடிக்கிற நல்ல தண்ணீரை ஊற்றி வந்தது எனக்குத் தெரியும். வெளி ஆள் போகும்வரை பொறுத்தேன். பிறகு, அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“விசரி, வாடின பயிருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தது குற்றமோ? உன்ர அப்பர் எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிக்கிறார், பேசாமல் இரு.”

பொழுதுபட அப்பா தன் கையாலேயே ஒரு வாளி உவர்த் தண்ணீரை அதற்கு ஊற்றினார்.

இப்போது அவர் உறங்கிவிட்டார். குசினி வாசலில் அம்மா நல்ல தண்ணீர்க் குடத்தைச் சரிக்கும் சத்தம் கேட்கிறது.