அறை காலியாக இருக்கக் கூடாது

கட்டுக்கலை,
கண்டி.
14.09.2012

அன்புள்ள மகள் சுந்தரிக்கு,

அம்மா எழுதுகிறேன். மெல்பேர்ணில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா நல்ல சுகம். இரவில் இடியப்பத்துக்குச் சொதி கேட்கிறார், காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறார். நீ முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

போனில் பேசினால் நீ இடையில் புகுந்து சமாதானம் சொல்வாய். நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஹந்தானையில் நான் தங்கியிருந்த இடத்தைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து, பெண் ஓவியர்கள் மூன்று மாதம் தங்கி வரைவதற்காக நடத்துகிற பழைய பங்களா அது. பக்கத்து அறையில் மடவளையிலிருந்து வந்த றம்லத் இருந்தாள். துணிக்கடையில் மிஞ்சும் துண்டுகளை ஒட்டிப் படம் செய்கிறவள். எனக்கென்று ஓர் அறையும் அதற்கொரு சாவியும் கொடுத்தார்கள். என் உயரத்துக்குச் சட்டம் அடித்து ஒரு கன்வஸும் தந்தார்கள். நம் வீட்டில் சாப்பாட்டு மேசை ஒழிந்த பிறகுதான் நான் வரைவேன். கலண்டரின் பின்பக்கத்தைவிடப் பெரிதாக நான் எதையும் வரைந்ததில்லை. அங்கே நேரத்துக்கு யாரோ சமைத்த சோறு வரும். ஆரம்பத்தில் சாப்பிட்ட தட்டோடு நான் குசினிக்குள் போய் நிற்பேன். சமைக்கிற பாலம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு, போய் வரையுங்க என்று விரட்டுவாள்.

குட்செட் பஸ் நிலையத்தில் மாலையில் நிற்கிற பெண்களை வரைந்தேன். வேலை விட்டு வந்து, மீன் பையும் குடையுமாகக் கம்பளை பஸ்ஸுக்கு நிற்பவர்கள். இடது பக்கம் நிற்பவர்களின் முகங்கள் முடிந்திருந்தன. அடுத்த முகத்துக்கு நிறம் குழைத்துக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது.

அப்பா விழுந்துவிட்டார், நெஞ்சு வலி, உடனே போங்கம்மா என்று அழுதாய். கையில் சாயத்தோடு ஆட்டோவில் ஏறினேன். மலை இறங்கும் வரை தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். வீட்டில் அப்பா சாய்வுக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வந்துட்டியா? தங்கச்சி சமையல் வயித்துக்கு ஒத்துக்கல்ல" என்றார். நெஞ்சு வலியைக் கேட்டதற்கு, யார் சொன்னது, வாய்வுதானே என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

நான் இல்லாதபோது அப்பாவுக்குச் சமைத்துப் போட வந்திருந்த உன் இரத்தினம்மா அத்தையிடம், உனக்குப் போனில் என்ன சொன்னாள் என்று கேட்காமல் நான் விடவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் வயித்து வலின்னுதான் சொன்னேன் அண்ணி. அதுக்கெல்லாம் அம்மா வரமாட்டாங்க, நான் பேசிக்கிறேன்னு சுந்தரிதான் சொல்லிச்சு."

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு வடித்துக் கொட்டி அவளுக்கும் அலுத்துவிட்டது. மறுநாளே கெலிஓயாவுக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். என்னைத் திரும்ப இழுக்கிற அப்பாவை எனக்குப் பழக்கம். உன்னைத்தான் நான் அந்தக் கணக்கில் வைத்திருக்கவில்லை.

சமையலுக்கு ஆள் பிடித்து வைத்துவிட்டு நான் திரும்பிப் போக ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. பங்களாவின் பொறுப்பாளரான அம்மா தேநீர் கொடுத்து நல்லவிதமாகத்தான் பேசினார். "உங்க கஷ்டம் விளங்குது. ஆனா காசு தாறவங்க பார்க்க வாற நேரம் அறை காலியா இருக்கக் கூடாது" என்றார். என் அறை ஜன்னலில் புதிதாக வரைய வந்த வேறொரு பிள்ளையின் உடுப்புக் காய்ந்தது. என் உடுப்புகளைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். படம் மட்டும் அவர்களுக்குரியதாம். நான் கையெழுத்து வைத்த விதி அப்படியாம்.

கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. அன்று பார்த்து அப்பாவோடு முன்பு கந்தோரில் வேலை பார்த்த நண்பர்கள் மதியம் சாப்பிட வந்தார்கள். நான் போகவில்லை. றம்லத் வந்து சொன்னாள். என் படத்தை வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார்களாம். வலது பக்கப் பெண்களுக்கு ஏன் முகமில்லை என்று ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டாராம். நம் சமூகத்தில் பெண்ணுக்கு முகமே இல்லை என்பதைத்தான் ஓவியர் காட்டுகிறார் என்று பொறுப்பாளர் விளக்கினாராம். எல்லாரும் தலையாட்டினார்களாம். சொல்லும்போதே றம்லத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்த முகங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்திக்கு மேலுதட்டில் தழும்பு. ஒருத்தி நின்றபடியே தூங்குவாள். வரைய விடவில்லை, அவ்வளவுதான்.

நீ செய்தது அப்பாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நீ மறுபடி படிக்கப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். போ மகள். உன் படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும். பாதியில் உன்னைக் கூப்பிட ஆயிரம் பேர் வருவார்கள். அதில் உன் அம்மா இருக்க மாட்டாள். எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தாலும், நீ சோதனை எல்லாம் எழுதி முடித்த பிறகே உனக்குச் சொல்ல வேண்டும் என்று றம்லத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றாக இரு.

உன்னைப் பெற்றவள்,
யசோதா