அண்ணன் தைத்த தூசிப்பை

கம்பைநல்லூர்
விஷு வருஷம், ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி மாதேஸ்வரனுக்கு அப்பன் தீர்த்தகிரி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. நானும் உன் ஆத்தாளும் இங்கே சுகம், பம்பாயில் உன்னை நம் குலசாமி வேடியப்பன் நல்லபடியாக வைத்திருக்க வேண்டும். உன் தங்கை சென்னம்மாளையும் சேர்த்துச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அண்ணனுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள், நான் செய்து கொடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆமணக்குப் புண்ணாக்கு அரைக்கிற மில்லில் நீ லீவில் வந்தபோது தைத்து மாட்டிய தூசிப்பை எப்படி உழைக்கிறது என்று கேட்டிருந்தாய். நன்றாகத்தான் உழைத்தது. மற்றத் தூசி உதறினால் போய்விடும், இந்த எண்ணெய்த் தூசி சனியன், இமையில் ஒட்டும், தொண்டைக்குள் போனால் அங்கேயே அப்பிக்கொள்ளும். விசிறி அதை இழுத்து அந்த நீளப் பைக்குள் தள்ள ஆரம்பித்த பிறகுதான் பெண்டுகள் முக்காட்டை அவிழ்த்துவிட்டு மூச்சு விட்டார்கள். சாயங்காலம் பையைத் தட்டி உதறுவது சென்னம்மாள்தான், அண்ணன் தைத்தது என்று வேறு யாரையும் தொட விடமாட்டாள். ஆயுதபூஜைக்கு எல்லோரும் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். இந்தப் பைத்தியக்காரி என்ன செய்தாள் தெரியுமா, சாமி முன்னால் அழுக்காகத் தொங்கலாமா என்று பையைக் கழற்றி ஆற்றில் துவைத்து, உன் வேட்டிக்குப் போடுவது போலக் கஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்து மாட்டினாள். கூடாது என்று நீயும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பூஜை முடிந்து மிஷினை ஓட்டினால், கஞ்சி அடைத்த துணியில் காற்று வெளியே போக வழியேது, அத்தனை தூசியும் திரும்பி ஆட்கள் மேலேயே கொட்டியது. எல்லோரும் வெளியே ஓட, இவள் மட்டும் பையை அவிழ்க்க உள்ளே ஓடினாள். மில் மேஸ்திரி பெரியண்ணன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பை போனா போவுது, நீ வாம்மான்னு கத்துனனுங்க, எங்கண்ணன் பை கிளிஞ்சிருமுன்னு உள்ள போயிருச்சுங்க என்று என்னிடம் அழுதார்.

அன்றிலிருந்து இளைப்புத்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். தர்மபுரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நெஞ்சு முழுக்கக் கெட்டுவிட்டது, பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். உன் ஆத்தாளிடம் இதைச் சொல்லவில்லை, அவள் தூதுவளைக் கஷாயம் வைத்துக்கொண்டு தைக்குள் தெளிந்துவிடும் என்கிறாள். நான் வெளியே போய் மாட்டைத் திட்டுகிறேன், வேறு என்ன செய்வேன் மாதேஸ்வரா.

சென்னம்மாள் இப்போது புதுத் துணி வாங்கிவரச் சொல்லி இன்னொரு பை தைக்கிறாள். நாலு தையல் போடுவாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள். இதுக்குக் கஞ்சி போடமாட்டேம்பா என்று சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்த வாயோடு, அண்ணன் வைவாங்களாப்பா என்று கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். வையமாட்டான் என்று நான் எத்தனை சொன்னாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

ரயிலெல்லாம் சண்டைக்குப் போகிற பட்டாளத்தார் கூட்டம் என்றாலும் நின்றுகொண்டாவது வா. லீவு தரமாட்டார்கள் என்று கடிதம் போடாதே. வேளைக்குச் சாப்பிடு, வழியில் கண்டதைத் தின்னாதே. வந்ததும் அவள் முகத்தைப் பார்த்து அழுது வைக்காதே, வையவில்லை என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல், அதற்காகத்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மொரப்பூர் ஸ்டேஷனில் தினமும் வண்டியோடு நிற்பேன். தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பன்
தீர்த்தகிரி