ஆயிலில் கலந்த தண்ணீர்

நவம்பர் 3, திங்கள்
வழக்கம்போல பைக்கை வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். அணைத்தேன், துணியால் மூடினேன், வேலை பார்க்கும் பருத்தி ஜின்னிங் மில்லுக்கு நடந்தே போனேன். என் மனைவி தெரசாள் அதற்கு முன்பே ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பாலவனத்தம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று இதுவரை நான் கேட்டதில்லை.

நவம்பர் 5
இன்ஜினுக்குக் கீழே ஆயில் கசிந்திருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெள்ளையாக, டீ நுரை மாதிரி. தினமும் கவனித்துத்தானே வந்தேன்? மில்லில் எடையை இரண்டு தடவை தப்பாக எழுதினேன்.

நவம்பர் 8, சனி
பாளையம்பட்டி வரை தள்ளிக்கொண்டே போனேன். வழியில் மூன்று பேர், "பெட்ரோல் இல்லையாண்ணே?" ஆமாம் என்றேன்.

மெக்கானிக் பாண்டிராஜ் என்னோடு படித்தவன். அடி நட்டைக் கழற்றியதும் பால் கலந்த காப்பி நிறத்தில் ஆயில் இறங்கியது. இன்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடுங்கி ஊதினான். காற்று போகவில்லை. உள்ளே மஞ்சள் கசடு.

"இன்ஜின் மூச்சு விடுற குழாய்லே இது. அடைச்சுப்போச்சு. காத்து போக வழியில்லாம ஆயிலைச் சந்து வழியா வெளிய தள்ளுது."

"தண்ணி எப்படிலே கலந்துச்சு? வண்டி மழையில நனையவே இல்லையே."

"பெட்ரோல் எரியுறப்பவே உள்ள ஈரம் உண்டாகும். நல்லா சூடேறுனா ஆவியாகி இது வழியா போயிரும். சூடேறுமுன்ன அமத்துனா ஆயிலோட கலந்துரும்." மீட்டரைப் பார்த்தான். பிறகு என்னை. "நீங்க ரெண்டுபேரும் வண்டியோட விழுந்தப்புறம் நான்தான் சரிபண்ணிக் குடுத்தேன். அதுலருந்து பத்து கிலோமீட்டர்கூட ஏறலயே. ஓட்டாத வண்டிய எதுக்குலே தினமும் ஸ்டார்ட் பண்ற?"

புது ஆயில், புதுக் குழாய் போட்டுக் கொடுத்தான். "அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டு. இல்ல, தொடாமயே வையி."

நவம்பர் 9
சர்ச்சுக்கு, ஞாயிறு பூசைக்கு நடந்து போய்வந்தோம். ஆயில் மூடியை மூன்று தடவை திறந்து பார்த்தேன். நிற்கிற வண்டியில் என்ன மாறியிருக்கும்?

நவம்பர் 12
மெயின் ரோடு வரை ஓட்டினேன். லாரி ஹார்ன். இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நவம்பர் 13
சொல்லிவிட்டேன்.

தெரசாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மார்ச்சில் வண்டியோடு விழுந்தபோது முறிந்து தகடு வைத்த அவள் வலது கை இன்னும் முழுதாகத் திரும்பாது. நாய் குறுக்கே வந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். நாய் வந்தது உண்மை. ஆனால் நான் அப்போது சட்டைப் பையில் அடித்த போனை எடுத்துக்கொண்டிருந்தேன் — ஹேண்டிலில் ஒரே கை. எட்டு மாதமாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேனே!

"தெரியும்," என்றாள். "பின்னாடி உக்காந்திருந்தவ நான்தானே."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன். கோவம் இல்லாம இல்ல."

மீதிச் சேலைகளையும் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மன்னித்துவிட்டாளா? கேட்கப் பயம்.

நவம்பர் 15, சனி
திருச்சுழி ரோட்டில் நாற்பது நிமிடம். தனியாக. முதல் பத்து நிமிடம் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. கருவேலங்காட்டைத் தாண்டியபோது இன்ஜின் சூடு காலில் நன்றாகவே உறைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், மூடியின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

நவம்பர் 16
இன்றும் போனேன். ஆயில் சுத்தம். திரும்பி வரும்போது தெரசாள் வாசலில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 19, புதன்
ஏழரை பஸ் போய்விட்டது. அவள் கிளம்பவில்லை. "பிரேயருக்கு நேரமாச்சு, வண்டிய எடுங்க" என்றாள்.

வழி முழுக்க என் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். நடுவில் ஆட்டு மந்தை ஒன்றுக்காக நிறுத்தியபோது அவள் மூச்சு என் பிடரியில் பட்டது. பள்ளிக்கூட வாசலில் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டே, "நாலரைக்கு விடுவோம். வந்துருங்க" என்றாள்.

மில்லில் சொல்லிவிட்டு நாலு மணிக்கே போய் நின்றேன்.