ஸ்கோர் போர்டுக்குக் கீழே நின்ற உன் அம்மா

எல்க் பெண்ட், அயோவா
ஜனவரி 24, சனிக்கிழமை

அன்புள்ள மகள் மார்னிக்கு அப்பா ஆர்லன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, முழங்கால் உயரப் பனி, மூவரும் சுகம். மூவரில் பனிதான் கொஞ்சம் கூடுதல் சுகமாக இருக்கிறது. அங்கே ஸியாட்டிலில் நீயும் உன் டிரம்ஸும், அதற்குக் கீழ்வீட்டில் குடியிருக்கிற அந்தப் பாவப்பட்ட மனிதரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கு என் மேல என்னப்பா கோபம், மூணு மாசமா ரெண்டு வார்த்தை பேசிட்டு போனை உங்ககிட்ட தள்ளிவிடுறாங்க, என் குரலே பிடிக்கலன்னா ஜூன்ல நான் எதுக்கு வரணும் என்று கேட்டாய். ஜூனில் எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம், அதற்கு நீ வராவிட்டால் கேக்கை நானும் நாயும்தான் தின்ன வேண்டும். நான் ஏதோ உளறி, ஓவனில் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறாள் என்று சமாளித்தேன். எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான், ஆனால் கோபம் உன் மேல் இல்லை, என் மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மறுநாளே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் ஒரு வரியில் சொன்னால் நீ நம்பமாட்டாய், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். கோபம் இல்லை என்பதை மட்டும் இப்போதே எழுதி வைக்கிறேன், மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் சினிமா. அக்டோபரிலிருந்து உன் அம்மா புதன்கிழமை தவறாமல் ராயல் தியேட்டருக்கு மத்தியான ஆட்டம் போக ஆரம்பித்தாள், அதுவும் தனியாக. நானும் வரேன் என்றால், உனக்குத்தான் எந்தப் படமும் பிடிக்காதே, வந்து பக்கத்துல உக்காந்து பெருமூச்சு விடுவ, வேணாம் என்று சொல்லிவிட்டாள். அது உண்மைதான், இப்போது வருகிற படங்களில் ஒருத்தனும் வாயைத் திறந்து பேசுவதில்லை, முணுமுணுக்கிறான், நடுநடுவே ஹெலிகாப்டர் வெடிக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். நவம்பரில் ஒரு கோர்ட்டுப் படம் வந்தது, அக்கா கொன்றாளா தங்கை கொன்றாளா என்று இரண்டு மணி நேரம் இழுக்கிற படம். யார் கொன்னது என்று கேட்டேன், அக்காதான், கூண்டுல நின்னு அப்படி அழுதா பாவம் என்றாள். சனிக்கிழமை நானே டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தேன். கொன்றவள் தங்கை. அக்கா கூண்டில் ஏறி அழுதுகொண்டே அவளைக் காட்டிக்கொடுக்கிறாள், அவ்வளவுதான். அப்படியானால் இவள் படமே பார்க்கவில்லை, அந்த மத்தியான நேரத்தில் வேறு எங்கேயோ போகிறாள். தியேட்டருக்கு ஒட்டினாற்போல இருந்த பழைய செருப்புக் கடையில்தான் கவர்னர் காலோவேயின் தேர்தல் ஆபீஸ் திறந்திருந்தார்கள், உள்ளே வெளியூர்ப் பிள்ளைகள், இலவசக் காபி. உன் அம்மா அங்கே உட்கார்ந்து கவர்னருக்காகக் கடித உறை ஒட்டுகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நான் செனட்டர் வின்டில் அம்மாளின் ஆள் என்று ஊருக்கே தெரியும், அதனால்தான் மறைக்கிறாள் என்று அதற்குக் காரணமும் கண்டுபிடித்தேன்.

அடுத்தது உங்கள் பாட்டுக் குழுவின் ஆல்பம். அபிப்பிராயம் கேட்டாய், சொல்கிறேன், வருத்தப்படாதே. அந்தப் பாடுகிற பையன் வேலியில் மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி பாடுகிறான். கிதார் வாசிக்கிறவன் தனக்கு எத்தனை விரல் இருக்கிறது என்று காட்டுவதிலேயே குறியாக இருக்கிறான். டிரம்ஸ் நன்றாக இருக்கிறது, மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, மகள் இல்லையென்றாலும் அந்த ஒன்றைத்தான் குறை சொல்லாமல் விட்டிருப்பேன். நான்காவது பாட்டில் வாழ்நாள் முழுக்க ஒரே சாலையில் பனி தள்ளிக்கொண்டிருக்கிற ஒரு கிழவன் வருகிறானே, அவன் யார்? கவுண்டி நிர்வாகத்துக்கு இருபத்தெட்டு வருடமாகப் பனிவண்டி ஓட்டுகிறவன் என்கிற முறையில் கேட்கிறேன். அது இருக்கட்டும். உன் அம்மா அந்த ஆல்பத்தைச் சமையலறை மேஜையில் இருக்கிற பாட்டுப் பெட்டியில் போட்டு, அலமாரியில் தட்டுகள் குதிக்கிற அளவுக்குச் சத்தம் வைப்பாள், தினமும் சாயங்காலம். நான் வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது தெருமுனையிலேயே கேட்கும். கதவைத் திறந்தால் உள்ளங்கையை மேஜையில் பதித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் வந்ததைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் பேசுவதைக் கேட்காமல் இருப்பதற்காகவே இப்படி வைக்கிறாள் என்று நினைத்தேன், எத்தனையோ முறை குறைத்தேன், நான் அந்தப் பக்கம் போனதும் பழையபடி கூட்டிவிடுவாள்.

இனி அரசியல். நீ போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது, இருந்தாலும் கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற நம்ம ஊர் காக்கஸ் கூட்டம் எப்படி என்று மறந்திருக்கமாட்டாய், ஓட்டுப் பெட்டியும் கிடையாது சீட்டும் கிடையாது, பள்ளிக்கூட ஜிம்மில் யாருக்கு எந்த மூலை என்று போய் நிற்க வேண்டும், எல்லார் கண்முன்னாலும் தலையை எண்ணுவார்கள். இந்தத் தடவை வின்டில் மூலைக்கு நான்தான் தலைவன். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் என்னைப் போட்டார்கள், நீ பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. கவர்னர் காலோவேயை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. தீவனக் கடைக்கு வந்தபோது வேலைக்காரன் மாதிரிச் சட்டை போட்டிருந்தார், அதில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது, பல்லும் அளவுக்கு மீறி வெள்ளை. வின்டில் அம்மாள் மேலும் சந்தேகம் இல்லாமல் இல்லை, நம் கையைக் குலுக்கும்போதே கண் அடுத்த ஆளிடம் போய்விடுகிறது. ஆனால் பனி உருகச் சாலையில் உப்பு எப்படித் தூவுகிறீர்கள் என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். என் வீட்டில் ரெண்டு தலை உறுதி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்த ரெண்டாவது தலையைப் பற்றித்தான் மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை ஜிம்மில் தொண்ணூற்றொரு பேர். நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற யூனிஸ்தான் நடத்தினாள். மைக் கரகரவென்றது. எப்பவும் ஸ்கோர் போர்டுக்குக் கீழ வின்டில் கட்சி நிக்கும், இந்தத் தடவை கதவுப் பக்கம் படிக்கட்டு பெஞ்சு உடஞ்சிருக்கு, ஆள் கூட்டம் இருக்கிற கவர்னர் பக்கத்துக்கு அந்த எடம் போதாதுன்னு சொன்னேன், யாரும் கேக்கல, அதனால சீட்டுக் குலுக்கிப் போட்டுட்டோம், ஸ்கோர் போர்டு கவர்னருக்கு, கதவு மூலை வின்டிலுக்கு என்று அறிவித்தாள். எல்லாரும் நகர்ந்தோம். நான் கதவு மூலைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் உன் அம்மா நேராக நடந்து போய் ஸ்கோர் போர்டுக்குக் கீழே நிற்கிறாள், கோட்டைக்கூடக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டாள். எண்ணினார்கள். ஒரு மூலை தாக்குப்பிடிக்கப் பதினான்கு தலை வேண்டும். எங்களிடம் பதின்மூன்று. அரை மணி நேரம் ஆள் பிடிக்கக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டு வெண்டல்தான் கவர்னர் பக்கத்துத் தலைவன், ஜிம்முக்குக் குறுக்கே கத்துகிறான், என்னப்பா ஆர்லன், வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா, ராத்திரி சோறு கிடைக்குமான்னு கேட்டுட்டு வந்தியா என்று. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு. மூன்று மாதச் சந்தேகத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குறுக்கே நடந்தேன்.

அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். லவோன், நம்ம மூலை அங்க இருக்கு என்றேன். அசையவில்லை. லவோன், என்னை ஊர் முன்னால கேவலப்படுத்தணும்னு எத்தனை நாளா நினைச்ச என்றேன், அதற்கும் அசையவில்லை. மூன்றாவது தடவை லவோன் என்று நான் போட்ட சத்தத்தில், பனிவண்டி ஹாரன் மாதிரி இருந்திருக்கும், அந்த மூலையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. எதிரே இருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு சாந்தமாக நின்றாள் மார்னி. அந்த இடத்தில்தான் எனக்கு மண்டையில் ஏறியது, வெண்டலுக்கும் ஏறியது, அவன் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தோளைத் தொட்டேன். திரும்பி, புதன்கிழமை சினிமா விட்டு வந்து நான் ஏதாவது கேட்டால் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்து, ஆமா, நல்ல கூட்டம் என்றாள். அப்புறம் சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தாள், கதவு மூலையில் எங்கள் ஆட்கள் கையசைப்பதைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போச்சு. எல்லாரும் எதுக்கு என்னையே பாக்குறாங்க ஆர்லன் என்று மெதுவாகக் கேட்டாள்.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் பதினான்கு ஆகியிருக்கும். ஆனால் ஜிம் முழுக்கப் பார்க்க அவளைத் தவறான மூலையிலிருந்து குழந்தை மாதிரி இழுத்து வர என்னால் முடியவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். என் கோட்டையும் கழற்றி மடித்துக்கொண்டேன். யூனிஸ் வந்து, ஆர்லன், நீ இங்கதான் நிக்கிறியா என்று இரண்டு முறை கேட்டாள், ஆமா என்றேன். அந்த மூலையின் தலைவனே கட்சி மாறினால் என்ன மிஞ்சும், வின்டில் மூலை கலைந்துபோச்சு. வெண்டல் நல்ல மனுஷன்தான், இத்தனை வருடமாக நான் அவனைத் தப்பாக எடை போட்டுவிட்டேன், கேட்டவர்களிடமெல்லாம் ஆர்லனுக்குப் பொண்டாட்டின்னா பயம்ப்பா, வேற ஒண்ணுமில்ல என்று சொல்லி மூடிவிட்டான். இப்போது ஊரில் எல்லாருக்கும் என் மேல்தான் சந்தேகம். கவர்னர் ஆபீசில் எனக்கு என்ன கொடுத்தார்கள் என்று தபால்காரர்கூடக் கேட்கிறார். காபி கொடுத்தார்கள் என்றேன், அதையும் நம்பவில்லை.

வண்டியில் ஏறினதும் உள் விளக்கைப் போட்டேன், அப்போதுதான் என் வாயைப் பார்க்க முடியும் என்று அவளே சொன்னாள். செப்டம்பரிலேயே இடது காது போயிருக்கிறது, அப்புறம் வலதும் மெல்ல மெல்ல. யூனிஸ் மூலையை மாற்றிச் சொன்னது காதில் விழாமல்தான் பழைய வழக்கப்படி ஸ்கோர் போர்டுக்குக் கீழே போய் நின்றிருக்கிறாள். போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டினது மாதிரி கேட்கிறதாம், என்ன சொல்கிறாய் என்று தெரியாமல் ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில்தான் என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னா அவ அந்தக் குழுவை விட்டுட்டு ஓடி வந்துடுவா, இப்பத்தான் ஒரு ஆல்பம் வந்திருக்கு, உங்கிட்ட சொன்னா நீ அஞ்சே நிமிஷத்துல அவகிட்ட சொல்லிடுவ என்றாள். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்போ சினிமா என்றேன். அங்க இருட்டா இருக்கும், யாரும் எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க, ரெண்டு மணி நேரம் பதில் சொல்லாம நிம்மதியா உக்காந்திருக்கலாம் என்றாள். பிறகு ஆல்பத்தை ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கிறாய் என்று கேட்டேன். அந்தப் பையன் என்ன பாடுறான்னு எனக்குத் தெரியாது, ஆனா மேஜையில கைய வச்சா மார்னி அடிக்கிறது அப்படியே கைக்குள்ள வருது, அவ வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு என்றாள். நான் எத்தனை நாள் அந்தச் சத்தத்தைக் குறைத்தேன் என்று நினைத்துப்பார்.

வியாழக்கிழமை காது டாக்டரிடம் போனோம். நரம்பு சம்பந்தப்பட்டதாம், கருவி வைத்தால் ஓரளவு வரும், முழுசாக வராது என்று சொல்லிவிட்டார், அடுத்த மாதம் பொருத்துவார்கள். அதுவரை உதட்டைப் பார்த்துப் பழகச் சொன்னார். என் மீசைக்குப் பின்னால் உதடே தெரியவில்லை என்று அம்மா புகார் சொல்ல, டாக்டரும் ஆமாம் என்று தலையாட்ட, முப்பத்தொரு வருட மீசையை நேற்று எடுத்துவிட்டேன். நாய் இன்னும் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. வளர்க்க ஆரம்பித்த நாளிலிருந்தே அந்த மீசையை அவளுக்குப் பிடிக்காது, இதில் காது பாதி, பழைய கணக்கு பாதியோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்னொன்று, ஜிம்மில் தவறான மூலை என்று தெரிந்த பிறகு, நாம அங்க போயிடலாமா என்று சைகையில் கேட்டேன், வந்தாச்சு, இங்கேயே இருப்போம் என்று தலையை ஆட்டினாள். அது வெட்கமா அல்லது அந்தப் பல் கவர்னரையே அவளுக்குப் பிடிக்குமா என்பதை இன்று வரை சொல்லவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. குழுவை விட்டு ஓடி வராதே, வந்தால் நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று என்னை வீட்டை விட்டுத் துரத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை போன் எனக்கு, அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் எழுது, வாரத்துக்கு ஒன்று, பெரிய எழுத்தில், ஐயோ பாவம் என்கிற வார்த்தை ஒன்றுகூட இல்லாமல். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசி, வீட்டில் ஒரு ஜோடி போனது போதும். ஜூனில் வந்ததும் எதிரே நின்று, அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பேசு, கத்தாதே, கத்துகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது, நான் கத்திப் பார்த்தாயிற்று. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காதையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதர்களும் உனக்குக் கிடைக்கட்டும்.

மறந்துவிடப் போகிறாய் என்று கடைசியில் எழுதுகிறேன், நான் இதை எழுதும்போது மேஜை அதிர்ந்துகொண்டே இருந்தது, அதனால்தான் எழுத்து கோணல். அடுத்த ஆல்பத்தில் அந்தப் பையன் குரலைக் குறைத்து உன் அடியைக் கூட்டச் சொல். அம்மா கேட்டதாகச் சொல்.

மீசையும் கட்சியும் இழந்த
உன் அன்புள்ள அப்பா,
ஆர்லன்