லேபிளை வெட்டியது நான்தான்

உன்னை எழுப்பாமல் கடைக்குப் போகிறேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு, குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவார்.

அந்தச் சட்டை ரெடிமேட்தான். புது ஆபீசுக்குப் போட்டுப் போக நீ கேட்டதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கடைசி நாளில் ஒன்றை வாங்கி, கழுத்து லேபிளை வெட்டிவிட்டு, நான் தைத்தது என்று கொடுத்தேன். நீ அங்கே, "எங்க வீட்டுக்காரர் தெச்சது" என்று சொல்லி வாய் மூடவில்லை, அதே பூ, அதே பொத்தானோடு இன்னொருத்தி வந்து நின்றாளாம். ரெடிமேட் போடுகிறவர்களையெல்லாம் கிண்டல் செய்கிற தையல்காரன் நான்!

நேற்று நீ ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதும், "கடையில ஒரே கூட்டம்" என்றேன்.

"சட்டைதான் ரெடிமேடுன்னு பாத்தா, பதிலையும் ரெடிமேடா வச்சிருக்கீங்களே" என்றாய்.

மன்னிப்புக் கேட்க வந்தேன். அதுவும் ரெடிமேடாகத்தான் இருக்கும் என்று பட்டது. விழுங்கிவிட்டேன்.

ராத்திரியே உனக்கு ஒரு சட்டைக்குத் துணியை வெட்டிவிடலாம் என்று அளவு நோட்டைப் புரட்டினேன். மளிகைக்கடைக்காரர், அவர் மச்சினன், பல் டாக்டர், எல்லாருக்கும் பக்கம் இருக்கிறது. உனக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக உன் பழைய சட்டையை வைத்தே வெட்டியிருக்கிறேன்.

பி.கு: சாயங்காலம் அளவு நாடாவோடு வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றால் போதும்.